சேற்றுச் சூனியக்காரிக்குக் கட்டாயப் பதவி உயர்வு

மனித குலம் முழுமையான நீதியை எட்டிப் பிடித்தது ஒரே ஒரு இடத்தில்தான். அது எந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் அல்ல, எந்தப் பாராளுமன்றமும் அல்ல. விஸ்கான்சின் மாநிலம், வாசா நகரம், 'நீலக் கொக்கு' சப்பர் கிளப் என்னும் இரவு உணவு விடுதியின் பின்னறை. வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு, பொரித்த மீனும் உருளைக்கிழங்கு அடையும் மேசைக்கு வந்த கையோடு, அங்கே 'மந்திரச் சமநிலை ஆணையம்' கூடும். உலகத்திலுள்ள ஏழு வகை மந்திரவாதிகளில் எவரும் எவரையும்விட ஒரு குன்றிமணி அளவுகூட உயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் புனிதப் பணி.

எந்த மந்திரவாதிகள் என்று கேட்பீர்கள். 'ஒன்பது கோட்டைகள்' என்று ஒரு பழைய கணினிப் போர் ஆட்டம் உண்டு. தயாரித்த கம்பெனியே அதை மறந்து பதினைந்து வருடமாகிறது. ரசிகர்கள் மறக்கவில்லை. தாங்களே புதுப் படைகளும் புது மந்திரங்களும் எழுதி, பழைய ஆட்டத்தின் மேல் ஒட்டுப்போட்டு ஆடுகிறார்கள். இந்த ஒட்டுக்கு 'மோட்' என்று பெயர். அந்த ஆட்டத்துக்கு இருக்கும் மோட்களிலேயே பெரியது 'மகா மந்திரம்'. அதை எழுதியவர் வெண்டல் க்ரூகர். ஆணையத்தின் நிறுவனத் தலைவரும் அவரேதான்.

பகலில் வெண்டல் மாவட்ட எடையளவு ஆய்வாளர். பெட்ரோல் பங்க்கில் ஒரு காலன் என்றால் ஒரு காலன்தானா, இறைச்சிக் கடைத் தராசு பவுண்டைப் பவுண்டாகவே காட்டுகிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார். ஐம்பத்தாறு வயதில் ஊரில் அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தராசு சரியாக இருந்தால் ஆய்வாளரை யார் நினைக்கப் போகிறார்கள்? ஆனால் இணையத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அவரைத் 'தலைவரே' என்று அழைத்தார்கள். அந்த ஒரு சொல் இல்லாமல் ஒரு வாரம்கூட அவரால் இருக்க முடியாது.

மகா மந்திரத்தின் மகிமையெல்லாம் அதன் படிகளில் இருக்கிறது. ஒவ்வொரு மந்திரவாதிக்கும் ஏழு படி. முதல் படியில் மெழுகுவத்தி ஏற்றத் தெரியும். ஆறாம் படியில் மலையைப் பிளக்கத் தெரியும். ஏழாம் படியில்தான் 'உச்ச மந்திரம்'. "ஏழாம் படி ஏறியவர் இதுவரை யாரும் காணாததைக் காண்பார்" என்று ஒன்பது வருடங்களுக்கு முன்பு வெண்டல் முகப்புப் பக்கத்தில் அறிவித்தார். சத்திய வாக்கு. இன்றுவரை யாரும் கண்டதில்லை. வெண்டலும் கண்டதில்லை. ஏனென்றால் அங்கே ஒன்றும் இல்லை.

ஆறு படிகளை எழுதி முடித்த உற்சாகத்தில் ஏழாவதற்கு ஒரு பெயரும் ஒரு ஊதா நிறப் படமும் போட்டுவைத்தார். உள்ளே எழுத வேண்டிய இடத்தில் 'இங்கே பிரமாண்டமாக ஏதாவது. அப்புறம்.' என்று குறித்துக்கொண்டார். அந்த அப்புறம் வரவேயில்லை. நெருப்பு மழை என்று யோசிப்பார். 'ரொம்ப ஜாஸ்தி' என்று ஆணையம் சொல்வது காதில் கேட்கும். பூகம்பம் என்று யோசிப்பார். 'பனி மந்திரவாதிக்கு மட்டும் அநியாயம்' என்று கேட்கும். கணினியை மூடிவிட்டுப் புல் வெட்டப் போய்விடுவார். யாராவது ஐந்தாம் படியைத் தாண்டிவிட்டார்கள் என்று சேதி வந்தால் போதும், 'சமநிலை கருதி' அதற்கு மேல் ஏறத் தேவையான மந்திரசக்தியின் அளவைக் கூட்டிவிடுவார். நூறு என்று இருந்தது இருநூறாகி, நானூறாகி, எழுநூறைத் தொட்டது. ஏற ஏறப் படி உயர்ந்துகொண்டே போவதைத்தான் அறிஞர்கள் வளர்ச்சி என்கிறார்கள்.

ஆணையத்தில் இன்னும் இருவர். செயலாளர் நோரீன் டெஸ்லர், ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் ஊழியர் நிர்வாகம். அட்டவணைப் பொறுப்பாளர் செங் வாங், பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை, இருபத்தொன்பது வயது, சதவீதம் என்றால் உயிர். இந்த மூவரும் சேர்ந்து காத்த உலகத்தில்தான் மார்லா ஓஸ்ட்ரோவ்ஸ்கி வந்து சேர்ந்தார்.

அபாயத்தை முதலில் கண்டவன் செங். மீன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மடிக்கணினியைத் தலைவர் பக்கம் திருப்பினான்.

"தலைவரே, சேற்றுச் சூனியக்காரியப் பாருங்க. வெற்றி விகிதம் தொண்ணூத்தி நாலு சதவீதம்."

"அய்யய்யோ!" என்றார் நோரீன். "எத்தன பேர் அதை எடுத்து ஆடுறாங்க?"

"ஒருத்தர்."

"ஒருத்தரா?"

"மார்லா மட்டும்தான். ஆனா போற போக்கப் பாத்தா பயமா இருக்கு."

சேற்றுச் சூனியக்காரியை ஒன்பது வருடத்தில் ஒரு பயல் தொட்டதில்லை. ஏழு மந்திரவாதிகளில் அவள்தான் கடைசி. அவளுடைய இரண்டாம் படி மந்திரத்தின் பெயர் 'நனைப்பு'. ஒரு சாலையை நனைத்து மூன்று சுற்றுக்கு ஈரமாக வைக்கும், வண்டிகள் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். வெண்டல் தன் காரேஜ் வாசலில் வழுக்கி விழுந்த ஒரு மதியம், எரிச்சலில், விளையாட்டாக எழுதியது.

மார்லா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ்களை ரேடியோவில் அனுப்பிவைக்கிறவர் அவர். பனி பெய்த காலையில் எந்த பஸ் எந்தத் தெருவில் எத்தனை நிமிடம் பிந்தும் என்று வரைபடம் பார்க்காமலே சொல்வார். எதிரியின் ஐந்தாம் படித் தீ மந்திரவாதிகள் மார்லாவின் கோட்டை வாசலுக்கு வந்து நிற்பார்கள். பின்னால் மாவு மூட்டை ஏற்றி வரும் வண்டிகள் எங்கோ ஒரு திருப்பத்தில் சேற்றில் நிற்கும். மூன்றாவது சுற்றில் தீ மந்திரவாதிகளுக்குப் பசி எடுக்கும். ஐந்தாவது சுற்றில் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். இப்படியே முப்பத்தோரு வெற்றி.

"அந்தம்மா யாரையுமே அடிக்கலயே!" என்று நோரீன் குமுறினார். "இது மந்திரமா? இது லேட் பண்றது!"

"ஒருவேள..." செங் தயங்கினான். "அவங்க நல்லா ஆடுறாங்களோ?"

வெண்டல் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். "நல்லா ஆடுறதுங்கறது நம்ம அட்டவணைல இல்லப்பா."

அதற்குமேல் என்ன பேச்சு? நனைப்பு மூன்று சுற்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மார்லா தொண்ணூற்றைந்து சதவீதத்தில் இருந்தார். இரண்டை ஒன்றாக்கினார்கள். மார்லா சாலையை விட்டுவிட்டுப் பாலங்களை நனைத்தார், தொண்ணூற்றாறு. இரட்டைப்படைச் சுற்றுகளில் மட்டும்தான் நனையும் என்று விதி செய்தார்கள். மார்லா இரட்டைப்படைச் சுற்றுக்காகக் காத்திருந்து நனைத்தார், தொண்ணூற்றேழு.

"குறைக்கக் குறைக்க ஏறுது தலைவரே," என்றான் செங். அவன் குரலில் பக்தியே வந்துவிட்டது.

நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "பிரச்சன நனைப்பு இல்ல. நான் யோசிச்சுட்டேன். அந்தம்மா ரெண்டாம் படிலயே உக்காந்திருக்கு. இத்தன ஆட்டம் ஜெயிச்சும் மூணாம் படிக்கு ஏறல. ஆசையே இல்லாம ஒருத்தர் ஜெயிச்சா, கஷ்டப்பட்டு ஏறினவங்க மனசு என்ன பாடுபடும்?"

"அதுக்கு என்ன பண்ண முடியும்?" என்றார் வெண்டல்.

"பதவி உயர்வு குடுக்கணும். கட்டாயமா. எங்க ஆபீஸ்ல யாராவது ஒரே நாற்காலில சந்தோஷமா வேல பாத்தா விடவே மாட்டோம். மேல தூக்கிருவோம். ஆறே மாசத்துல சரியாயிரும்."

விதி பதினான்கு இப்படித்தான் பிறந்தது. அதன் கம்பீரத்தை நீங்களே பாருங்கள். 'ஒரே படியில் ஐந்து சுற்றுகளுக்கு மேல் தங்கும் மந்திரவாதி, செலவின்றித் தாமாகவே அடுத்த படிக்கு உயர்த்தப்படுவார். அவ்வாறு உயர்த்தப்பட்டவர் தம் தகுதிக்குக் கீழான மந்திரங்களைச் செய்யலாகாது.'

வெண்டல் காகிதத் துவாலையில் கணக்குப் போட்டார். படிக்கு ஐந்து சுற்று. சும்மா உட்கார்ந்திருந்தாலே முப்பது சுற்றில் எந்த முட்டாளும் ஏழாம் படிக்குப் போய்விடுவான். ஒன்பது வருடமாக அவர் ஏற்றிக்கட்டிய சுவருக்கு நோரீன் லிப்ட் வைத்துக்கொடுத்துவிட்டார். வெண்டல் துவாலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஆறோட நிறுத்திக்கலாமே," என்றார்.

"ஏன் தலைவரே?"

"ஆறு நல்ல படிதானே. காத்தோட்டமான படி."

"ஏழாம் படிக்காகத்தான் இந்த மோட்டே இருக்குன்னு நீங்கதானே முகப்புல எழுதியிருக்கீங்க?" என்றான் செங். "நான் அதைப் படிச்சுட்டுத்தான் சேர்ந்தேன்."

ஓட்டெடுப்பில் விதி நிறைவேறியது. ஒரு நல்ல சேதியும் நோரீன் கையில் இருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் வருடாந்தரக் கூடுகை. பத்தாவது கூடுகை என்பதால் அன்று தலைவருக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள். இறுதி ஆட்டத்துக்கு மார்லா தகுதி பெற்றுவிட்டார். புது விதி அந்த ஆட்டத்திலேயே அமலுக்கு வரும்.

"கற்பனை பண்ணிப் பாருங்க தலைவரே. உங்க கேடயம், உங்க உச்ச மந்திரம், ஒரே நாள்ல!"

வெண்டல் கற்பனை பண்ணிப் பார்த்தார். விரல்விட்டு நாட்களை எண்ணத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை, பஸ்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு பை நிறையப் புதுச் சீஸ் கட்டிகளோடு மார்லாவின் பஸ் டிப்போவுக்குப் போனார். மார்லா காதில் ஒரு ரேடியோவும் கையில் ஒரு காபியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, லஞ்சமா?" என்று பையை வாங்கி ஒரு கட்டியை வாயில் போட்டார். புதுச் சீஸுக்கே உரியபடி பல்லில் கிரீச்சென்றது. "இன்னைக்கு எடுத்தது. நல்லா இருக்கு. சொல்லு."

"மார்லா, போட்டில நீ தீ மந்திரவாதிய எடுத்துக்கோயேன்."

"ஏன், சேத்துக்கு என்ன கேடு?"

"உனக்கு அது சரிப்படாது."

"இத்தன நாளு சரிப்பட்டுச்சே." ரேடியோ கரகரத்தது, அதில் சொன்னார். "பதினேழாம் பஸ்ஸு, அந்தப் பாலத்துல ஏறாத, சுத்திப் போ. பரவால்ல, நாலு நிமிஷம்தான்." மறுபடி வெண்டலிடம் திரும்பினார். "உங்க ஆளுங்க என்னைத் தூக்கி மேல போடப் போறாங்களாமே? நான் கேட்டேனா? இங்கயும் ஒருதடவ அப்பிடித்தான் சூப்பர்வைசர் ஆக்கினாங்க. ரெண்டு மாசம் மீட்டிங் மீட்டிங்கா உக்காந்தேன். ஊர்ல ஒரு பஸ்சு நேரத்துக்குப் போகல. அழுதுகிட்டே இந்த நாற்காலிக்குத் திரும்பி வந்தேன்."

"அதான் சொல்றேன். தீ எடு. சீக்கிரமே ஆட்டம் முடிஞ்சிரும்."

"போ வெண்டல். எனக்கு அந்த நனைப்புன்னா அவ்வளவு பிடிக்கும். எவ்வளவு பெரிய படையா இருந்தாலும் அதுக்கும் ரோடு வேணும், பாலம் வேணும், சாப்பாட்டு வண்டி வேணும். அது தெரிஞ்ச ஆளு எழுதினது. நீ எழுதினதுலயே அதுதான் நல்லாருக்கு."

வெண்டல் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது வருடமாக 'கூட', 'குறைய', 'சரி செய்யவும்' என்றுதான் எல்லோரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மந்திரம் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. சந்தோஷத்தில் அவர் முகம் சிவந்தது. அடுத்த கணமே அந்த மந்திரத்தை மூன்று முறை வெட்டிய கத்தரி தன் கையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

"ஆமா, அந்த ஏழாவது படில என்னதான் வச்சிருக்க?" என்றார் மார்லா.

"பாத்தாத்தான் தெரியும்."

"எனக்கு மட்டும் சொல்லேன்."

"சொன்னா சமநிலை கெட்டுரும்," என்று சொல்லிவிட்டு வெண்டல் தன் காருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பதினொரு நாள் மீதம் இருந்தது. வேறு ஒருவராக இருந்தால் உட்கார்ந்து ஏதாவது ஒரு மந்திரத்தை எழுதித் தொலைத்திருப்பார். வெண்டல் அனுபவசாலி. 'ஏழாம் படி ஆயத்தத் துணைக்குழு' ஒன்றை அமைத்தார். குழு தினமும் கூடியது. உச்ச மந்திரத்தைப் பயன்படுத்த எவ்வளவு மந்திரசக்தி ஆகவேண்டும் என்பதில் தொள்ளாயிரம் என்று ஒரு கட்சி, தொள்ளாயிரத்து ஐம்பது என்று ஒரு கட்சி. மூன்று நாள் விவாதித்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் உடன்பட்டார்கள். ஒருமுறை பயன்படுத்தினால் பன்னிரண்டு சுற்று ஓய்வு. ஊதா நிறத்தை ஒரு சாயல் அடர்த்தியாக்கினார்கள். பொத்தானை அழுத்தும்போது வரும் மணியோசை இரண்டு வினாடியா, இரண்டரை வினாடியா என்பதில் நோரீன் வெளிநடப்பு செய்து, பர்ஸை மறந்துவிட்டதால் திரும்பி வந்தார்.

"அது என்ன செய்யும்னு மட்டும் சொன்னீங்கன்னா அட்டவணைல போட்டுருவேன்," என்றான் செங் கடைசி நாள்.

"ரகசியம்," என்றார் வெண்டல்.

"புரியுது தலைவரே," என்று செங் அந்தக் கட்டத்தில் 'ரகசியம்' என்று மரியாதையோடு தட்டச்சு செய்தான்.

வீட்டில் தனியாக இருக்கும்போது வெண்டல் எழுதிப் பார்க்காமல் இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து 'வானம் பிளந்து' என்று தொடங்குவார். பிளந்து என்ன ஆகும் என்று தெரியாது. தராசு பார்த்துப் பார்த்தே முப்பது வருடம் போயிருந்தது. எதை எடுத்தாலும் எடை போடத்தான் கை போனது, தட்டில் வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அன்று அவர் தன்னை நினைத்து மனதார வெட்கப்பட்டார். பிறகு மணியோசையை இரண்டேகால் வினாடியாகத் திருத்தினார்.

கூடுகை சனிக்கிழமை மதியம், பௌலிங் கூடத்தின் மேல்மாடியில் நடந்தது. அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். பக்கத்து மாநிலமான மினசோட்டாவிலிருந்துகூட ஒரு வேன் வந்தது. வாசலில் பீரில் வேகவைத்த பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சிகளைக் கரியடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே பந்துகள் உருண்டு கட்டைகள் சரியும் சத்தம் தரை வழியாக வந்துகொண்டேயிருந்தது. மேடையில் பெரிய திரை. திரைக்குப் பக்கத்தில் வெல்வெட் துணி மூடிய கேடயம்.

மார்லாவுக்கு எதிராக லா க்ராஸ் நகரத்துப் பிளம்பர் ஒருவர், பெயர் ஆர்வின், தீ மந்திரவாதி எடுத்திருந்தார். பத்தாம் சுற்றுக்குள் ஆர்வினின் மாவு வண்டிகள் வழக்கம்போலச் சேற்றில் நின்றன. மார்லா காபியை உறிஞ்சினார். அப்போது திரையில் தங்க எழுத்து மின்னியது: 'வாழ்த்துகள்! தாங்கள் மூன்றாம் படிக்கு உயர்த்தப்பட்டீர்கள்!'

"வேணாம்னு சொல்ல பொத்தான் எங்க இருக்கு?" என்றார் மார்லா.

"அப்பிடி ஒண்ணு கிடையாதுங்க," என்றான் செங்.

"சரி, அந்த வடக்கு ரோட்ட மட்டும் ஒருதடவ நனைச்சுக்கறேன்."

"முடியாதுங்க. அது இப்ப உங்க தகுதிக்குக் கீழ."

மூன்றாம் படியில் சூனியக்காரிக்குத் தவளை வரவழைக்கத் தெரியும். தவளைகள் வந்தன, கத்தின, போயின. வடக்குச் சாலை காய்ந்தது. ஆர்வினின் வண்டிகள் கிளம்பின. நான்காம் படி, ஐந்தாம் படி, ஆறாம் படி என்று ஒவ்வொரு வாழ்த்துக்கும் கூட்டம் கைதட்டியது, ஒவ்வொரு கைதட்டலுக்கும் மார்லா ஒரு கோட்டையை இழந்தார். அவருக்குத் தெரிந்த வேலையைச் செய்ய விடவில்லை, தெரியாத வேலைகளாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. வெண்டல் மேடை ஓரத்தில் நின்று அந்த முகத்தைப் பார்க்காமலிருக்கக் கேடயத்தைப் பார்த்தார்.

முப்பத்தோராம் சுற்றில், ஆர்வினின் படை கடைசிக் கோட்டை வாசலில் நின்றபோது, திரை முழுக்க ஊதா ஆனது. ஏழாம் படி! அறுபத்து மூன்று பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். ஆட்டம் முழுக்க மார்லா மந்திரசக்தியை அதிகம் செலவழிக்கவில்லை. கையிருப்பு ஆயிரத்து இருபது.

"அழுத்துங்க! அழுத்துங்க!" என்று மினசோட்டாக்காரர்கள் கத்தினார்கள்.

"மார்லா, வேணாம்," என்றார் வெண்டல். யார் காதிலும் விழவில்லை.

மார்லா அழுத்தினார். இரண்டேகால் வினாடி மணி ஒலித்தது. ஆயிரத்து இருபதிலிருந்து தொள்ளாயிரத்து நாற்பது கழிந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். கீழே யாரோ பத்துக் கட்டையையும் சாய்த்துவிட்டுக் கூவினார்கள். திரையில் ஒரு தவளை தத்தியது, அது பழைய தவளை. ஆர்வின் தன் முறை வந்ததும், கொஞ்சம் கூச்சத்தோடு, கடைசிக் கோட்டையை எரித்தார். மார்லா தோற்றுப்போனார்.

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருடம் போயிற்று, இனி ஒருவரும் தலைவரே என்று கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

அப்போது செங்கின் குரல் நடுங்கிக்கொண்டு எழுந்தது. "அட்டவணையப் பாருங்க! மந்திரத்துக்கு முன்னாடி ரெண்டு பேரோட பலமும், பின்னாடி ரெண்டு பேரோட பலமும்... ஒரு புள்ளிகூட மாறல! யாருக்கும் லாபம் இல்ல, யாருக்கும் நஷ்டம் இல்ல!"

நோரீன் நெஞ்சில் கை வைத்தார். "அப்பிடின்னா..."

"முழுச் சமநிலை! பூஜ்யத்துல நிக்குது!"

கூடம் அதிர்ந்தது. விசில் பறந்தது. மினசோட்டாக்காரர் ஒருவர் பிராட்வர்ஸ்ட்டைக் கையில் பிடித்தபடியே அழுதார். வெண்டலைத் தூக்காத குறையாக மேடையில் ஏற்றிக் கேடயத்தைக் கையில் திணித்தார்கள். ஒலிபெருக்கி முன்னால் நின்றபோது அவருக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது.

"நண்பர்களே, உண்மையச் சொல்லிடறேன். அதுல நான் ஒண்ணுமே எழுதல."

கைதட்டல் இரட்டிப்பானது.

"என்ன ஒரு அடக்கம்!" என்றார் நோரீன்.

"இல்ல, நிஜமாவே எழுதல. காலி இடம்."

"எழுதாமலே சாதிச்சிருக்கார்!" என்றான் செங், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கூட்டம் "தலைவரே! தலைவரே!" என்று முழங்கியது. வெண்டல் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். அந்தச் சத்தம் இதமாக இருந்தது. மூன்றாம் முறை வாயைத் திறக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் மார்லா தன் டிரக்கின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். வெண்டல் கேடயத்தை அக்குளில் இடுக்கியபடி ஓடிவந்தார்.

"மார்லா, ஒரு நிமிஷம்."

"அதுல ஒண்ணுமே இல்லைல்ல?"

"இல்ல."

"எத்தன வருஷமா?"

"ஒன்பது."

மார்லா சிரித்தேவிட்டார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லாதது வெண்டலுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதல் நீடிக்கவில்லை.

"சரி போகட்டும். இல்லாத ஒண்ணுக்குப் பேரு வச்ச, கலர் அடிச்ச, யாரும் கிட்ட வந்துராம பாத்துக்கிட்ட. உன் பயம் உனக்கு. ஆனா என் நனைப்ப ஏன்ப்பா வாராவாரம் வெட்டின? உன் மோட்டுலயே உருப்படியா வேல செஞ்சது அது ஒண்ணுதானே? காலியா இருக்கறதுக்குக் காவல் நின்னுட்டு, இருக்கறதக் கொன்னுட்டியே."

வெண்டல் கேடயத்தைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை ஆணையத்துல சொல்றேன்," என்றார் கடைசியில். "பழையபடி மூணு சுற்று ஆக்கிடறேன். சத்தியமா."

"பாப்போம்," என்று மார்லா வண்டியை எடுத்தார்.

வெண்டல் சொல் தவறாதவர். வெள்ளிக்கிழமை மீன் வந்ததும் விஷயத்தை எடுத்தார். "அந்த நனைப்பு... நாம கொஞ்சம் மறுபரிசீலனை..."

"சரியாச் சொன்னீங்க தலைவரே!" என்று செங் பாய்ந்தான். "நானும் அதையேதான் கொண்டாந்திருக்கேன். உச்ச மந்திரத்து மேல இதுவரைக்கும் வந்த புகார் பூஜ்யம். நனைப்பு மேல அறுபத்தஞ்சு. தோத்தவங்க ஒருத்தர் விடாம எழுதியிருக்காங்க."

"இனிமே எல்லா மந்திரமும் ஏழாம் படி தரத்துக்கு வரணும்," என்றார் நோரீன். "எங்கயாவது தொடங்கித்தானே ஆகணும் தலைவரே? உங்க பேரச் சொல்லித் தொடங்கலாம் தலைவரே."

வெண்டல் இரண்டு பேரையும் பார்த்தார். ஒரே மூச்சில் இரண்டு முறை 'தலைவரே'. எலுமிச்சைத் துண்டை மீன் மேல் பிழிந்தார். பேனாவை வாங்கினார்.

மகா மந்திரம், பதிப்பு பத்து, மாற்றக் குறிப்பு இன்றும் முகப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். 'சேற்றுச் சூனியக்காரி, இரண்டாம் படி, நனைப்பு: நீக்கப்பட்டது. காரணம்: வேலை செய்கிறது. ஒப்பம்: வெண்டல் க்ரூகர், தலைவர்.'